ஏழு வயலுக்கு ஒரு மடை

கோலாலம்பூரில் ஒப்படைத்தபோது என் பெட்டிக்கு நான்கு சக்கரங்கள் இருந்தன. திருச்சியில் கைக்கு வந்தபோது மூன்று. அங்கே மேசையில் இருந்த பெண்ணிடம் முறையிட்டேன். "மூணு இருக்குதுல்ல சார், உருளும்" என்றார். உருண்டது. ஆனால் வலது பக்கமாகவே உருண்டது. வாடகைக் கார் நிறுத்தம் இடது பக்கம் இருந்தது.

நான் வந்தது ஒரு கையெழுத்துக்காக. என் மனைவி சரோஜா திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்தவள். கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்து என்னோடு வாழ்ந்து போன வருடம் காலமானாள். அவள் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் நஞ்சை, அவள் பெயரிலும் அவள் தம்பி செல்வராசு பெயரிலும் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. அவள் பங்கு இப்போது எனக்கும் என் மகளுக்கும். மகள் தனக்கு நேரமில்லை என்று எனக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த வயலில் மண் எடுக்க ஒரு கான்ட்ராக்டர் கேட்கிறார் என்றும், பட்டாவில் பாதிக்கு உரியவர் கையெழுத்து இல்லாமல் அவர் இயந்திரத்தை இறக்க மாட்டார் என்றும் செல்வராசு தொலைபேசியில் சொல்லியிருந்தார். போட்டுவிட்டு வரலாம் என்ற எண்ணத்தில்தான் கிளம்பினேன். பேனாவைக்கூடச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

தஞ்சாவூர் பஸ் செங்கிப்பட்டி தாண்டியதும் நின்றது. டிரைவர் இறங்கி முன்சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். கண்டக்டர் இறங்கி அதே சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். பிறகு இருவரும் புளியமர நிழலுக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் புகார் எண்ணை அழைத்திருப்பார்கள். இங்கே ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி அக்கம்பக்கம் கொடுத்தார்.

கொடுத்தவர் என் பக்கத்து இருக்கைக்காரர். ராஜகிரியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய். அதற்கு முன்பு குவைத்தில் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவர். நான் மலேசியா என்றதும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஒங்க ஊருலயும் எண்ணெய் எடுக்குறாங்கள்ல? அது யாருக்குச் சொந்தம்?"

"அரசாங்கத்துக்கு" என்றேன். "எண்ணெய் கிடைக்கும் மாநிலங்கள் எங்கள் பங்கு போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டே இருக்கும்."

"குவைத்லயும் அரசாங்கத்துக்குத்தான். ஆனா அங்க பொறந்துட்டா போதும், வீடு, படிப்பு, வைத்தியம் எல்லாம் அதுலேருந்து வந்துரும். எடுத்துக் குடுத்தது நாங்க. எங்க பங்கு விசா முடியற வரைக்கும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை, வெள்ளரியில் உப்புத் தூவிக்கொண்டே சொன்னார். "இங்க பாருங்க, நம்ம பக்கம் வயலுக்கு அடியில கேஸ் இருக்கு. வயல்காரன் வீட்டுல கேஸ் தீந்தா சிலிண்டருக்குப் போன் பண்ணிட்டுக் காத்துக் கெடக்குறான்."

"எங்கள் பேராக் மாநிலத்தில் ஈயம் இருந்தது" என்றேன்.

"இப்ப?"

"தீர்ந்துவிட்டது."

"அப்ப சண்டை இல்ல. நிம்மதி" என்றார் பாய்.

பின்னால் வந்த பஸ்ஸில் எங்களை ஏற்றினார்கள். உட்கார இடமில்லை. மூன்று சக்கரப் பெட்டி திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கல்லூரி மாணவியின் காலில் போய் முட்டியது. அவள் அதை ஒரு நாய்க்குட்டியைப் போலக் காலாலேயே பிடித்து வைத்துக்கொண்டாள்.

தஞ்சாவூரில் இட்லி நன்றாக இருந்தது. சட்னி மூன்று வகை, சாம்பார் தனி. ஈப்போவில் எங்கள் தெருமுனைக் கடையில் இரண்டாவது முறை சட்னி கேட்டால் முறைப்பார்கள். இங்கே கேட்காமலேயே வாளியோடு வந்து நின்றார்கள். நான்கு சாப்பிட்டேன். இரண்டோடு நிறுத்தியிருக்க வேண்டும். திருவையாற்று டவுன் பஸ் குலுக்கிய குலுக்கலில் அது புரிந்தது.

தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் இடையே ஐந்து ஆறுகள், ஐந்து பாலங்கள். சரோஜா சொல்லும்போது நான் நம்பியதில்லை, அதனால் விரல் விட்டு எண்ணினேன். ஐந்துதான். ஐந்திலும் தண்ணீர் ஓடியது. ஓர் ஆற்றின் படுகை நடுவில் பெரிய பள்ளங்கள் இருந்தன. தண்ணீர் அவற்றில் இறங்கித் தேங்கி, பிறகு மனமில்லாமல் நகர்ந்தது. மணல் அள்ளிய இடம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். யார் அள்ளியது என்று கேட்டேன். "எல்லாரும்தான்" என்றார்.

திருவையாற்றில் செல்வராசு மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். என்னைவிட ஒன்பது வயது இளையவர். ஆனால் வண்டியிலிருந்து இறங்கும்போது வலது முழங்காலைக் கையால் தூக்கித்தான் இறக்கினார். பெட்டியை முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு, "ஏறுங்க அத்தான்" என்றார். என்னோடு பேச வேண்டியதையெல்லாம் பாதித் தலையைத் திருப்பிக்கொண்டே பேசினார். எதிரே வந்த வைக்கோல் லாரி ஓட்டுநருக்கும் எனக்கும்தான் பயம்.

வாய்க்கால் நெடுக வயல். குறுவை நட்டு முடிந்திருந்தது. வரப்போரத்தில் ஓரிடத்தில் மஞ்சள் நிறக் கல் ஒன்று நின்றது. கீழே எரிவாயுக் குழாய் போகிறது, தோண்டாதே என்று அதில் எழுதியிருந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. எண்ணிக்கொண்டு வந்தேன். பதினொன்று.

வீட்டில் செல்வராசுவின் மனைவி மல்லிகா கெண்டைமீன் குழம்பு வைத்திருந்தார். வாழைப்பூ வடையும் இருந்தது. சோறு மட்டும் கொஞ்சம் நீளமாக, மினுமினுப்பாக இருந்தது. "உங்கள் வயல் அரிசியா?" என்றேன்.

"எங்க வயல் நெல்லு கொள்முதலுக்குப் போயிரும் அண்ணே. இது கடை அரிசி. ஆந்திராவோ என்னவோ" என்றார் மல்லிகா.

சாப்பிட்டுக்கொண்டே செல்வராசு விஷயத்துக்கு வந்தார். வயலில் மூன்றடி களிமண்ணை எடுத்துவிட்டால் கீழே மணல் கலந்த சவுட்டு மண். வீடு கட்டுபவர்கள், சாலை போடுபவர்கள் எல்லோருக்கும் அது வேண்டும். கான்ட்ராக்டர் பத்தடிக்கு எடுத்துக்கொள்வார். மிஞ்சும் பள்ளத்தில் மீன் வளர்க்கலாம்.

"அதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டாமா?"

"மீன் குட்டை வெட்டுறேன்னு எழுதிக் குடுத்தா குடுத்துருவாங்களாம். அதெல்லாம் அந்தத் தம்பி பாத்துக்கும்."

நான் மீனில் முள் எடுத்துக்கொண்டே யோசித்தேன். செல்வராசுவுக்கு அது பிடிக்கவில்லை.

"இங்க பாருங்க அத்தான். ஆத்து மணலை லாரி லாரியா அள்ளுனாங்க. எங்கிட்ட எவனும் கேக்கல, ஏன்னா ஆறு அரசாங்கத்துது. அங்கிட்டுக் குழாய் போட்டாங்க. கீழ இருக்குறது கவர்மெண்ட்டோடது, ஒங்களுக்கு மேல நடக்குற பாத்தியதை மட்டும்தான்னாங்க. மேட்டூர்ல எப்பத் தொறக்கணும், எவ்வளவு தொறக்கணும், அதையும் எங்கேயோ ஒக்காந்து முடிவு பண்றாங்க. நெல்லு என்ன வெலைன்னு நான் சொல்ல முடியாது. என்னையக் கேட்டு நடக்கப்போற காரியம் இந்த ஒண்ணுதான். இதுலயும் ஒருத்தர் யோசிச்சா, நான் எதுக்கு பட்டான்னு ஒண்ண இரும்புப் பொட்டியில வச்சுருக்கேன்?"

எனக்கு அதில் தவறு ஒன்றும் தெரியவில்லை. நாளை வயலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். மல்லிகா எனக்கு இன்னொரு வடை வைத்தார். செல்வராசுவுக்கு வைக்கவில்லை.

மறுநாள் செல்வராசு முழங்காலைக் காட்டத் தஞ்சாவூர் மருத்துவமனைக்குப் போய்விட்டார். வெயில் தாழ்ந்ததும் நான் மட்டும் வயலுக்குப் போனேன். வழி தவற வாய்ப்பில்லை. வாய்க்காலை ஒட்டிய முதல் வயல் நம்முடையது என்று மல்லிகா சொல்லியிருந்தார்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பேராக்கில் குடிநீர் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீர்த்தேக்கத்திலிருந்து புறப்படும் தண்ணீருக்கும் வீட்டு மீட்டர்களில் பதிவாகும் தண்ணீருக்கும் இடையில் எப்போதும் ஒரு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிரிவின் பணி. குழாய் வெடிப்பு, கள்ள இணைப்பு, இற்றுப்போன வளையம். சாலையில் நடக்கும்போதுகூட ஈரமான இடத்தைப் பார்த்தால் நின்றுவிடுவேன். சரோஜா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

வாய்க்காலிலிருந்து வயலுக்குள் தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தது. நான் வரப்பைச் சுற்றி நடந்தேன். எதிர்ப்பக்க வரப்பில் ஒரு முழ அகலத்துக்கு உடைப்பு. என் மனைவியின் வயலுக்குள் வந்த தண்ணீர் அந்த வழியாகப் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரோ வேண்டுமென்றே வெட்டியதுபோல ஓரங்கள் சீராக இருந்தன. கள்ள இணைப்பு என்று முடிவு செய்தேன்.

சுற்றிலும் ஆளில்லை. செருப்பைக் கழற்றி வைத்து, காய்ந்த தென்னை மட்டை ஒன்றைக் குறுக்கே செருகி, களிமண்ணைக் கட்டி கட்டியாக எடுத்துப் போட்டு மிதித்தேன். இடுப்பு வலித்தது. ஆனால் அடைப்பு கச்சிதமாக அமைந்தது. ஒரு சொட்டு கசியவில்லை. வேலையில் இருந்தபோது இவ்வளவு நேர்த்தியாக அடைத்திருந்தால் பாராட்டுக் கடிதமே வந்திருக்கும். காலையில் செல்வராசுவிடம் சொல்லலாம் என்று வந்து படுத்தேன்.

காலையில் நான் சொல்வதற்கு முன்பு வாசலில் ஒரு குரல் கேட்டது.

"செல்வராசு, வெளில வா. மண்ணெடுக்க இன்னும் கையெழுத்தே ஆவலயாம், அதுக்குள்ள மடைய அடைச்சுப்புட்டியா?"

அமிர்தம் என்ற பெண்மணி. அறுபது வயதிருக்கும். சேலையை இழுத்துச் செருகி, தோளில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். செல்வராசு நொண்டிக்கொண்டே வெளியே போனார்.

"நான் எதுக்கு அடைக்கப்போறேன்? நேத்துப் பூரா தஞ்சாவூர்ல முட்டியக் காட்டிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப ஒன் வயலு தானா அடைச்சுக்கிச்சா? தென்ன மட்டையெல்லாம் குடுத்து?"

"நான்தான் அடைத்தேன்" என்றேன்.

அமிர்தம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவரு யாரு?"

"அக்கா வீட்டுக்காரரு. மலேசியா" என்றார் செல்வராசு. முகத்தைத் தூணுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பை மறைக்கிறாரா கோபத்தை மறைக்கிறாரா என்று தெரியவில்லை.

"ஏங்க, ஒங்க ஊருல ஒரு வயல்லேருந்து இன்னொரு வயலுக்குத் தண்ணி போவாதா?"

"குழாயில் போகும். மீட்டர் வைத்து" என்றேன்.

"அப்ப மீட்டரப் பாத்துச் சொல்லுங்க, நேத்து ராவு எவ்வளவு ஆத்துக்குப் போச்சுன்னு."

நாங்கள் மூவரும் வயலுக்குப் போனோம். நம் வயலில் நாற்றுகளின் நுனிகூடத் தெரியவில்லை. அத்தனையும் தண்ணீருக்குள். நிரம்பிய தண்ணீர் மூலையில் வரப்பின்மேல் வழிந்து வடிகாலில் இறங்கி, ஆற்றைப் பார்த்துப் போய்விட்டிருந்தது. என் அடைப்பு மட்டும் அப்படியே இருந்தது. அமிர்தம் அதை மண்வெட்டியால் வெட்ட மூன்று முறை ஓங்க வேண்டியிருந்தது. "நல்லாத்தான் கட்டிருக்காரு" என்று செல்வராசுவிடம் சொன்னார்.

எனக்குத் தெரியாததை அங்கேதான் தெரிந்துகொண்டேன். வாய்க்காலைத் தொடுவது நம் வயல் ஒன்றுதான். இதைத் தாண்டி உள்ளே இருக்கும் ஆறு வயல்களுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. நம் வயல் நிறைந்து மடை வழியாக அடுத்ததற்கு, அது நிறைந்து அதற்கடுத்ததற்கு, இப்படியே கடைசி வயல் வரை. ஏழாவது வயல்தான் அமிர்தத்துடையது. நட்டு மூன்று நாள் ஆன நாற்று. வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து விடுகிறார்கள். நேற்று இந்த முறையின் கடைசி நாள். இன்று காலை வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். வாய்க்காலில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது.

திறந்த மடையில் தண்ணீர் ஓடியது. நம் வயலில் மிதமிஞ்சி நின்றது இரண்டாவதற்குப் போயிற்று, பிறகு மூன்றாவதற்கு. நான் வரப்பிலேயே நடந்து அதைத் தொடர்ந்து போனேன். ஒவ்வொரு வரப்பிலும் ஒரு மடை. ஒவ்வொன்றையும் அமிர்தம் காலாலேயே சரி செய்துகொண்டு முன்னால் போனார். ஆறாவது வயலில் தண்ணீர் பாதி வரை வந்து, மண்ணில் சுவறி நின்றுவிட்டது. ஏழாவதில் வெடிப்பு விடத் தொடங்கியிருந்தது.

"அடுத்த முறைக்கு நாலு நாளு ஆவும்" என்றார். "குடத்துல தூக்கி ஊத்தலாம்னு பாக்குறீங்களா?"

நான் உண்மையில் அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்த மடைக்கு ஏதாவது பத்திரம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"எதுக்குப் பத்திரம்? எங்க தாத்தா காலத்துலேருந்து தண்ணி இப்புடித்தான் வருது. மண்ணு ஒங்களுது, நான் கேக்க மாட்டேன். அடைக்காம இருக்கறது மட்டுந்தான் எனக்கு வேணும். இங்க பத்தடிக்குப் பள்ளம் வெட்டுனா வர்ற தண்ணியெல்லாம் அதுலயே நின்னுரும். ஆறு வயலுக்கு எது வரும்? ஒங்க மச்சான் மீனா வரும்?"

செல்வராசு முதல் வயல் வரப்பிலேயே நின்றுவிட்டிருந்தார். முழங்கால் வலியால் அவ்வளவு தூரம் நடந்து வர முடியவில்லை. அங்கிருந்தே கத்தினார்: "என்னா சொல்லுது அது? நாலு வருசத்துக்கு முன்னாடி மடைய அகலமாக்குறேன்னு என் வரப்ப ஒரு சாண் வெட்டுனத சொல்லிச்சா?"

"சாண் இல்ல, நாலு விரக்கடை" என்று அமிர்தம் திருப்பிக் கத்தினார்.

அன்று மாலை திருவையாற்றுக்குப் போய் அசோகா வாங்கினேன். பாசிப்பருப்பில் நெய் விட்டுக் கிளறும் அந்த இனிப்பை சரோஜா ஈப்போவில் பல முறை செய்து பார்த்திருக்கிறாள். நிறம் வரும், சுவை வராது. தண்ணீர் வேறு என்பாள். கடைக்காரரிடம் கேட்டேன். "தண்ணிலாம் இல்ல சார். நெய்யக் குறைக்கக்கூடாது" என்றார். இத்தனை வருடமாக நான்தான் அவளிடம் நெய்யைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஈயக்குட்டை இருக்கிறது. என் அப்பா வேலை பார்த்த சுரங்கம் அது. வெள்ளைக்காரக் கம்பெனியிடம் இருந்தபோது தோண்டினார்கள். பிறகு நம்முடையது என்று ஆனபோதும் தோண்டினார்கள். ஈயம் தீர்ந்தது, மழைத்தண்ணீர் நின்றது. இப்போது சுற்றிலும் நடைபாதை போட்டிருக்கிறார்கள், வாத்து மிதக்கிறது, பார்க்க அழகுதான். சரோஜா கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, "எடுத்த மண்ணெல்லாம் எங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவள் கடைசிவரை அந்தப் பக்கம் நடக்க வரவில்லை. பள்ளத்தை ஒட்டியிருந்த காய்கறித் தோட்டங்களில் தண்ணீர் நிற்கவில்லை என்பதும், எல்லாம் குட்டைப் பக்கமே கசிந்து போயிற்று என்பதும் என் இலாகா அறிந்த விஷயம். அந்த நிலமும் யாருக்கோ பட்டாவில் இருந்ததுதான்.

அடுத்த நாள் கான்ட்ராக்டர் வந்தார். முப்பத்தைந்து வயது, வெள்ளைக் கார், நல்ல மரியாதை. அவரும் அசோகா வாங்கி வந்திருந்தார். வயலைப் பார்த்துக்கொண்டே பேசலாம் என்றேன். செல்வராசுவைக் காரில் வாய்க்கால் வரை கூட்டிப் போனோம். அமிர்தம் அங்கே முன்பே இருந்தார். மல்லிகா சொல்லியனுப்பியிருக்க வேண்டும்.

"உள்ளே இருக்கும் ஆறு வயல்களுக்குத் தண்ணீர் எப்படிப் போகும்?" என்று கேட்டேன்.

"ஓரமா பைப்பு போட்டு விட்டுடுறோம் சார்."

"எத்தனை அங்குலம்?"

"நாலு."

"ஆறு வயலுக்கான தண்ணீர் நான்கு அங்குலத்தில் போகாது. போனாலும், பத்தடிப் பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் மண் சரியும். குழாய் சரிந்தால் யார் மாற்றுவது?"

கான்ட்ராக்டர் செல்வராசுவைப் பார்த்தார். இந்த ஆள் சும்மா கையெழுத்துப் போட வந்தவர் என்றல்லவா சொன்னீர்கள் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு என்னிடம் திரும்பினார்.

"சார், ஒங்களுக்கு மனசுல சங்கடம் வேணாம். ஒங்க பாதிய நான் தொடல. அப்புடியே கெடக்கட்டும். அண்ணன் பாதிய மட்டும் வெட்டிக்குறேன். கூட்டுப் பட்டாங்குறதால ஆட்சேபணை இல்லன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

நியாயமாகத்தான் பட்டது. "எந்தப் பாதி?" என்று கேட்டேன்.

"அண்ணன் சொல்லட்டும்."

செல்வராசு கையை நீட்டி வாய்க்கால் பக்கத்தைக் காட்டினார். "இந்தப் பக்கம் என்னுது."

"அங்க வெட்டுனா ஒங்கக்கா பாதிக்குத் தண்ணி எங்கேருந்து வரும்?" என்றார் அமிர்தம்.

செல்வராசு கையை மெல்ல எதிர்ப்பக்கம் திருப்பினார். மடை இருந்த பக்கம். அமிர்தம் மண்வெட்டியை மடைக்கு நேராக ஊன்றிக்கொண்டு நின்றார். செல்வராசு குறுக்காக, கிழக்கு மேற்காகப் பிரித்துப் பார்த்தார். அதிலும் வாய்க்கால் தண்ணீர் நுழையும் இடம் ஒரு பாதியிலும் மடை மறுபாதியிலும் விழுந்தன. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு கீழே இறங்கிற்று.

"எங்கப்பா பிரிக்கல" என்றார். "பிரிக்கணும்னு தோணல போல."

"அப்ப சர்வேயர வச்சு அளந்து பிரிச்சுக்கிட்டுச் சொல்லுங்க அண்ணே. எனக்கு வேற எடமும் இருக்கு" என்றார் கான்ட்ராக்டர். கோபமில்லாமல்தான் போனார்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் செல்வராசுவிடம் சொன்னேன். சரோஜா பங்கு விளைச்சலில் எனக்கு எதுவும் வேண்டாம், முழுதும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

"வைச்சுக்குற அளவுக்கு என்னா வெளையுது? ஒங்க ஊருல எல்லாத்தையும் தோண்டி வித்து வீடு கட்டிட்டீங்க. நாங்க மட்டும் மடையப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்கணும்" என்றார்.

அது உண்மை. என் படிப்புச் செலவு ஈயத்தில் வந்தது.

அன்று இரவு அவர் எனக்கு முன்பே சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். மல்லிகா தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அவருக்கு வரப்புல நடக்க முடியல அண்ணே. விழுந்துடுவோம்னு பயம். ஒரு மாசமா மடைய நான்தான் போயிப் பாக்குறேன். அத வெளிய சொல்ல மாட்டாரு. கேஸு, மேட்டூரு, கவர்மெண்ட்டுன்னு பேசுவாரு."

"அதெல்லாம் பொய்யா?"

"பொய்யில்ல. ஆனா முட்டி நல்லா இருந்தா பேச மாட்டாரு."

நான் கிளம்பும் நாள் வந்தது. தண்ணீர் முறையும் அன்றுதான். செல்வராசு பெட்டியை டேங்கின் மேல் வைத்து, "ஏறுங்க" என்றார். அத்தான் என்று சொல்லவில்லை. வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தினார். தண்ணீர் வந்து முதல் வயல் நிறைந்திருந்தது. அன்று மூழ்கிப் பழுத்துப்போன நாற்றுகளில் பாதி தப்பிப் பச்சை விட்டிருந்தன. மடையில், முதல் வயல் நிறையும் வரை வைக்கும் வழக்கமான சிறு மண்ணணை இருந்தது.

"எறங்கித் தொறந்துவிடுங்க" என்றார்.

"நானா? பஸ்ஸுக்கு நேரமாகிறது."

"நீங்கதானே அடைச்சீங்க. என்னால எறங்க முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் முதல்முறையாகச் சொன்னார். நான் செருப்பைக் கழற்றினேன். பயணத்துக்காக மடிப்புக் குலையாமல் வைத்திருந்த கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினேன். மண்வெட்டி இல்லை. இரண்டு கையாலும் வாரிக் கரையில் போட்டேன். தண்ணீர் என் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு அடுத்த வயலுக்குள் போயிற்று. தூரத்தில், ஏழாவது வயல் வரப்பில், அமிர்தம் நின்றுகொண்டிருந்தார். சும்மாதான் நின்றார், கையை ஆட்டவில்லை. தண்ணீர் வந்து சேரும்வரை அவருக்கு நம்பிக்கை இல்லை போலும்.

"அது குத்தகைக்குக் கேக்குது" என்றார் செல்வராசு, வண்டியில் இருந்தபடியே. "நெலம் மொத்தத்தையும். நம்ம வயலு கையில இருந்தா கடைசி வயலுக்குத் தண்ணிக் கவலை இல்லன்னு."

"கொடுப்பீர்களா?"

"நாலு விரக்கடைய முதல்ல குடுக்கட்டும்." பிறகு பாதித் தலையைத் திருப்பி, "நீங்க என்ன சொல்றீங்க அத்தான்? பாதி ஒங்களுதுல்ல" என்றார்.

குத்தகைக்கு விட எந்தக் கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன் என்றேன். சரி என்று வண்டியை உதைத்தார். அதற்கும் வலது கால்தான் வேண்டியிருந்தது. முகம் சுளிப்பது கண்ணாடியில் தெரிந்தது.

கோலாலம்பூரில் எங்கள் நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். சீட்டை வைத்து, கட்டைவிரலை ஒரு கண்ணாடியில் அழுத்த வேண்டும். அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடி சிவப்பு. பின்னால் வரிசையில் எட்டுப் பேர். இம்முறை கையோடு கொண்டுவந்திருந்த பெட்டி தன் போக்கில் வலது பக்கம் உருண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

தலையில் முக்காடிட்ட ஓர் இளம் மலாய் அதிகாரி வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார். விமானத்தில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். ஆனாலும் ரேகைகளுக்குள் களிமண் சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது.

"மண் இருக்கிறது ஐயா, அதனால்தான் படிக்கவில்லை" என்றார் மலாயில். ஈரத்தாள் ஒன்றை எடுத்து என் கட்டைவிரலைத் துடைத்துவிட்டார். "தோட்டத்தில் வேலையா? உங்கள் சொந்த நிலமா?"

"பாதி" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு என் விரலைக் கண்ணாடியில் வைத்தார். கதவு திறந்தது. எந்தப் பாதி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பின்னால் நின்ற எட்டுப் பேரும் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.